நாலாம் கொட்டாயில் சத்தமில்லை

தீவன நேரத்தில் அறுநூறு சினைப் பன்றிகள் ஒரே மூச்சில் கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள், விடுங்கள். இரும்பு பீரோவைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் பல் கூசுமே, அதை அறுநூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். கொல்லிமலை அடிவாரத்தில் சென்னியப்பனின் பண்ணையில் ஒன்பது வருஷம், காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அந்தச் சத்தம் எழுந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். 2046 தை மாதம் அது நின்றது. நிறுத்தியவன் டாக்டர் மாதேசன்.

மாதேசன் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் அவனைத் திட்டத் தோன்றும்போது இது நமக்கு மறந்துபோகும்.

சினைப் பன்றிக்கு வயிறு நிறையத் தீவனம் போட்டால் கொழுத்துவிடும், குட்டி ஈனுவது சிரமமாகிவிடும். அதனால் பண்ணைகளில் அவற்றுக்கு அரை வயிறுதான். நாலு மாதச் சினைக்காலம் முழுக்க அந்த ஜீவன்கள் பசியோடு நிற்கும். கம்பியைக் கடிக்கும், வெறும் வாயை மெல்லும், நுரை தள்ளும். கால்நடை மருத்துவம் படிக்கிற காலத்தில் இதை முதல்முதலாகப் பார்த்துவிட்டு மாதேசன் விடுதிக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். இதற்கு ஒரு வழி பண்ணியே தீருவது என்று அன்றைக்கு நினைத்தான். பதினைந்து வருஷம் கழித்துப் பண்ணியும் விட்டான்.

வழி அந்த வட்டாரத்திலேயே மலிந்து கிடந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகளில் கடைசியில் ஒரு நார்ச்சக்கை மிஞ்சும். திப்பி என்பார்கள். அதைக் கொஞ்சம் தீவனத்தில் கலந்தால் பன்றி சற்று அமைதியாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் கொஞ்சத்தை மாதேசன் முழுசாக்கினான்.

எப்படி என்று அவனிடம் முதலில் கேட்டது தர்ஷினி. நாலாம் கொட்டாயில் சாணம் அள்ளும் பெண். கொட்டகையை அந்தப் பக்கம் கொட்டாய் என்றுதான் சொல்வார்கள். வயது இருபத்து மூன்று. புருஷன் போர்வெல் லாரியில் வடக்கே போனவன், வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். நாலு மாதக் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்பியிருந்த சமயம் அது. பிரசவத்துக்குப் போகும்போது அவள் காது பொத்திக்கொண்டு நின்ற கொட்டாய், திரும்பி வரும்போது கோயில் மாதிரி இருந்தால் யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்காது!

மாதேசனுக்கு விளக்கிச் சொல்வதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. நின்றபடியே பாடம் எடுத்தான். நாரைப் பன்றியின் வயிறு செரிக்காது, பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்னும், தின்றுவிட்டு ஒருவித அமிலத்தை வெளியே விடும், அந்த அமிலம்தான் மூளைக்கு 'போதும், வயிறு நிறைந்துவிட்டது' என்று சேதி சொல்லும் என்றான். தான் செய்தது அந்தச் சேதியைப் பத்து மடங்கு உரக்கச் சொல்லும் ஒரு நுண்ணுயிரைத் தயார் பண்ணியது மட்டும்தான் என்றான். ஒரு பிடி திப்பி போதும், நாள் முழுக்கப் பன்றிக்கு விருந்து சாப்பிட்ட நிறைவு. முதலாளி அதற்குச் 'சாந்தம்' என்று பெயர் வைத்திருக்கிறார் என்றும் பெருமையாகச் சொன்னான்.

தர்ஷினி சுரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதுங்களுக்குப் பசி போயிருச்சுங்களா சார்? இல்ல, பசிக்கிறது தெரியாமப் போயிருச்சுங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றான் மாதேசன்.

இரண்டும் ஒன்றில்லை என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கேள்வியை அவனுடைய ஆய்வுக் குழுவில் ஒருத்தரும் கேட்டதில்லை. சாணம் அள்ளுகிறவள் கேட்டதும் அவனுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் அந்த மாசியில் விலங்கு நலனுக்கென்று ஒரு விருது கொடுத்தார்கள். மேடையேறிச் சால்வை போர்த்திக்கொண்டு, வாயில்லா ஜீவன்களின் துயரம் என்று பேசிவிட்டு வந்தான். கைதட்டல் பலமாக இருந்தது.

இனி வருவது அந்தப் பண்ணைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

சாந்தம் வருவதற்கு முன்பு, சென்னியப்பன் பண்ணையில் தீவன அளவைக் காதால்தான் முடிவு செய்தார்கள். பழைய மேஸ்திரி கொட்டாய் வாசலில் நின்று கேட்பார். கத்தல் அதிகமென்றால் ஆளுக்கு ஒரு கைப்பிடி கூட்டு, குறைவென்றால் ஒரு கைப்பிடி குறை. மேஸ்திரி ஓய்வு பெற்றதும் மாதேசன் அதையே இயந்திரமாக்கினான். ஒவ்வொரு கொட்டாயிலும் மைக். சத்தத்தை அளந்து, வாரத்துக்கு ஒரு முறை தீவனத்தைக் கூட்டவோ குறைக்கவோ கணினிக்கு ஓர் உத்தரவு. அருமையாக வேலை செய்தது. அதை எழுதியவனே மறந்துபோகும் அளவுக்கு அருமை.

சாந்தம் வந்தது, சத்தம் நின்றது. கணினி தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது. சத்தமில்லை, நூறு கிராம் குறை. சத்தமில்லை, இன்னும் நூறு குறை.

மாதேசன் இரண்டாம் மாதமே கவனித்துவிட்டான். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பங்குனியில் ஒருநாள் தீவன அளவைப் பார்த்தவன், நிறுத்த வேண்டுமென்று நினைத்தான். அன்றைக்கு முதலாளி சிரித்த முகமாக இருந்தார், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வந்திருந்தார்கள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம்.

வைகாசியில் தர்ஷினி ஆய்வகத்து வாசலில் வந்து நின்றாள்.

"சார், நாலாம் கொட்டாய்ல அள்ளுறதுக்கே ஒண்ணும் இல்லைங்க. பத்து நாளாப் பாக்கிறேன். தின்னாத்தானுங்களே போடும்?"

ஓடிப்போய்ப் பார்த்தான். சாந்தத்தை முதலில் போட்டது அந்தக் கொட்டாயில்தான், தீவனம் அதிகம் குறைந்ததும் அங்கேதான். நூற்றைம்பது பன்றிகள் கால் நீட்டிச் சாய்ந்து கிடந்தன. முதுகெலும்பு வரிசையாக எழும்பியிருந்தது. ஒன்றாவது கம்பியைக் கடிக்க வேண்டுமே, கிடையாது. கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டவர்கள் மாதிரி அரைக்கண் மூடிக் கிடந்தன. இரண்டரைக் கிலோவாக இருந்த தீவனம் எழுநூறு கிராமுக்கு வந்திருந்தது. அந்த வாரத்தில் பதினொன்று கருக்கலைந்தன. நாலு செத்தன, சத்தமில்லாமல்.

சென்னியப்பனிடம் போய் நடந்ததைச் சொன்னான். தவறு என்னுடையது என்றுகூடச் சொன்னான். அவர் மேஜையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். வேலைக்காரர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் தவறாமல் போகிறவர்.

"ஏனுங்க டாக்டரு, நூத்தம்பதுல நாலுதானுங்களே போச்சு? மிச்சதெல்லாம் எழுநூறு கிராம்ல உசுரோட இருக்குதுன்னா, நாம இத்தன வருசமா அதிகமா இல்ல போட்டிருக்கறோம்?"

அவர் ஒன்றேகால் கிலோ என்று ஒரு கணக்குச் சொன்னார், அதுவே இனி எல்லாக் கொட்டாய்க்கும் அளவு என்றார். காகிதம் வந்தது. மாதேசன் மென்று முழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

அன்றையிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வளர்மதி, அவன் மனைவி, தட்டைப் பார்த்துப் பார்த்துப் புலம்பினாள். இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்று எழுந்துவிடுவான். பெல்ட்டில் புதிதாகத் துளை போட வேண்டியதாயிற்று. அவனுக்கோ அதில் ஒரு ரகசிய ஆறுதல். கையெழுத்துப் போட்டாலும் மனசாட்சி செத்துப்போகவில்லை, அதுதான் சோற்றைத் தடுக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வெட்கப்படத் தெரிந்தவன் முழுக்க மோசமானவனாக இருக்க முடியாது இல்லையா? இப்படித்தான் மனுஷன் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொள்வது.

மூன்று வாரம் போயிருக்கும். நாலாம் கொட்டாய் விஷயத்தை வெளியே பேச வேண்டாம் என்று தர்ஷினியிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வரும்படி முதலாளி அவனை அனுப்பினார். ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு தொழிலாளர்களின் லைன் வீட்டுக்குப் போனான். எதற்காக மைசூர்பாகு என்று அவளுக்குப் புரிந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டுப் பவித்ராவும் வந்து கதவோரம் நின்றாள். மூன்று பிள்ளைகளை ஒண்டியாக வளர்ப்பவள், இரண்டாம் கொட்டாயில் மாலை நேரத்து ஆள். தர்ஷினி வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். பேச்சு குழந்தையைப் பற்றித் திரும்பியது. குழந்தை பெயர் இதழினி, எட்டு மாதம்.

"இந்த லைன்லயே எம்புள்ள மாதிரித் தங்கமான புள்ள கெடையாதுங்க சார்" என்றாள் தர்ஷினி. "நான் போயிட்டு வர்ற வரைக்கும் ஒரு சத்தம் இருக்காது. அக்காவக் கேளுங்க. பாலுக்குன்னு ஒரு நாள் அழுததில்ல."

பவித்ராவும் ஆமாம் என்றாள்.

மாதேசன் டீயைக் கீழே வைத்தான். தூளியை விலக்கிக் குழந்தையை எடுத்தான். தூக்கிய மாத்திரத்தில் எடை சொல்லிவிடும் கை அவனுடையது. பன்றிக்குட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை. எட்டு மாதக் குழந்தை, நாலு மாத எடைகூட இல்லை. சட்டைக்குள் விலா எலும்பு விரலில் தட்டியது. குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. அந்த அரைக்கண் நிறைவை அவன் நாலாம் கொட்டாயில் பார்த்திருந்தான்.

அவனுக்கு அந்த நொடியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. அம்மாவின் கை வழியாகக் கிருமி வந்திருக்கிறது. வந்தது தங்கிவிட்டது.

அப்போதே வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தான். என்ன சொன்னான் தெரியுமா?

"அழுதாத்தான் பால் குடுக்கணும்னு இல்லம்மா. மணி பாத்துக் குடுங்க."

"குடுக்கிறனுங்க சார். மரவள்ளி மாவுக் கஞ்சியும் வெச்சுத் தாறேன். ரெண்டு மடக்குல மூஞ்சியத் திருப்பிக்குது. சின்ன வயிறு, நெறஞ்சிருது போல."

மைசூர்பாகு டப்பாவை வைத்துவிட்டு எழுந்தான். வெளியே வாளியில் ஊறப்போட்டிருந்த குழந்தைத் துணியில் ஒன்றை, ஒருத்தரும் பார்க்காதபோது எடுத்துப் பாலித்தீன் பைக்குள் சுருட்டிக்கொண்டான். முனைவர் பட்டம் வாங்கியவன், சால்வை போர்த்திக்கொண்டவன், ஓர் ஏழைப் பெண்ணின் வீட்டு வாளியில் பீத்துணி திருடினான். பைக்கில் திரும்பி வரும்போது அவன் முகம் முழுக்க எரிந்தது.

ஆய்வகத்தில் சோதனை போட்டான். ஒப்பிட்டுப் பார்க்க, கிருமி இல்லாத ஒரு மாதிரி வேண்டியிருந்தது. அதற்குத் தன்னுடையதையே வைத்தான். மறுநாள் மத்தியானம் முடிவு வந்தது. குழந்தையின் வயிற்றில் சாந்தம் இருந்தது. அவன் வயிற்றிலும் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து அந்த இரண்டாவது முடிவையே வெகுநேரம் பார்த்தான். அப்படியானால் சோறு இறங்காதது மனசாட்சியினால் இல்லை. முதல் ஒன்றிரண்டு நாள் வேண்டுமானால் வெட்கமாக இருந்திருக்கலாம். பட்டினி கிடந்த வயிற்றில் அது சுலபமாகக் குடியேறியிருக்கும். மிச்ச நாளெல்லாம் கிருமி. மூன்று வாரமாகத் தன்னைக் கொஞ்சம் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு ஆதாரமாக இருந்தது அவனே தயாரித்த ஒரு நுண்ணுயிர். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவனுக்குத் தன் உடம்பே அருவருப்பாக இருந்தது.

இது மனிதர்களுக்குப் பரவாது என்று எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். பதினாறு பேரிடம் இரண்டு வாரம் சோதித்த பிறகு எழுதியது. அந்தப் பதினாறு பேரும் பண்ணை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள் என்பதால். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் வயிற்றில் மற்ற கிருமிகள் இதை நிற்க விடவில்லை. லைன் வீட்டுக்குப் போய் ஒருத்தரையாவது சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். லைன் வீடு அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

உருவாக்கிய கிருமி எதுவானாலும் அதைக் கொல்ல ஒரு மருந்தையும் கூடவே தயாராக வைக்க வேண்டும் என்பது சட்டம். சாந்தத்தைக் கொல்லும் மாத்திரை அவன் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. கேட்டுக்கொள்ளுங்கள், இழுப்பறையிலேயே!

ஆனால் எட்டு மாதக் குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது? அவன் மாட்டு டாக்டர், பன்றி டாக்டர். கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் பிரயோஜனமில்லை. குழந்தை டாக்டரிடம் கேட்கலாம். கேட்டால் எதற்கு என்பார்கள். சொன்னால் அனுமதி போகும், பண்ணை போகும், வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். சத்து டானிக் என்று பொய் சொல்லிக் கலந்து கொடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தான். அளவைத் தேடித் தேடிப் படித்தான். ஒரு நாள் போயிற்று. இன்னொரு நாளும் போயிற்று. அந்த இரண்டு நாளும் தர்ஷினி வேலைக்கு வந்தாள், வணக்கம் சார் என்றாள், அவனும் வணக்கம் என்றான்.

மூன்றாம் நாள் காலையில் இதழினி கண் விழிக்கவில்லை. பவித்ராதான் அள்ளிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கொட்டாயில் இருந்த தர்ஷினிக்குச் சேதி போய், அவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். மாதேசனுக்கு யாரும் சொல்லவில்லை, கேட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டான். மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

குழந்தைகள் வார்டின் வாசலுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது, டாக்டர் ரெஜினா என்று ஓர் அம்மா குழந்தையின் காலில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் சர்க்கரை மிகக் கீழே இறங்கியிருந்தது. எல்லாச் சோதனையும் பார்த்தாகிவிட்டது, ஒரு நோயும் தெரியவில்லை. பட்டினிதான் தெரிகிறது. அவர் நிமிர்ந்து தர்ஷினியைப் பார்த்தார்.

"பட்டினி போட்டிருக்கியேம்மா பச்சப் புள்ளய. மனசு வந்துச்சா உனக்கு?"

வார்டில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் திரும்பினார்கள். தர்ஷினி பூட்ஸில் காய்ந்திருந்த சாணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. தான்தான் ஏதோ செய்துவிட்டோம், செய்யாமல் விட்டுவிட்டோம் என்று அவள் முகம் சொன்னது.

தன் வெட்கம் இன்னொருத்தி தலையில் போய் உட்கார்ந்திருப்பதை மாதேசன் பார்த்தான். அதற்கு மேல் அவனால் வாசலில் நிற்க முடியவில்லை.

"அவங்க மேல தப்பில்லைங்க டாக்டர். குழந்தைக்குப் பசிக்கிறது தெரியாது. நான் பன்றிக்குன்னு செஞ்ச கிருமி அது வயித்துல இருக்கு."

ரெஜினா புரியாமல் பார்த்தார். அவன் சொன்னான். நாரைத் தின்னும், நிறைந்துவிட்டது என்று மூளைக்குப் பொய் சொல்லும் என்றான். நார் இல்லாத பச்சைக் குழந்தைக்கு எப்படி என்று அவர் கேட்டார். தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காத ஒரு சர்க்கரை உண்டு, அது வயிற்றுக் கிருமிகளுக்கென்றே உண்டானது, சாந்தம் அதைத் தின்று பிழைக்கிறது, மரவள்ளிக் கஞ்சி அதற்கு மேலும் வசதி என்றான்.

"அப்ப நான் பால் குடுக்கக் குடுக்க..." என்றாள் தர்ஷினி.

மாதேசன் தலையாட்டினான்.

மாத்திரையை எடுத்து நீட்டினான். எத்தனை நாளாகத் தெரியும் என்று ரெஜினா கேட்டார். மூணு நாளா என்று உண்மையைச் சொன்னான், துணியை எடுத்துப்போய்ச் சோதித்ததையும் சொன்னான்.

பவித்ரா அவனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகும்படி திட்டினாள். மைசூர்பாகைச் சொல்லித் திட்டினாள், காணாமல் போன துணியைச் சொல்லித் திட்டினாள். அவன் நின்று வாங்கிக்கொண்டான். அவளாவது திட்டினாளே என்று இருந்தது. தர்ஷினி ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, யாரிடமும் இல்லாமல் ஒன்று சொன்னாள்.

"அழாத புள்ள, அழாத புள்ளன்னு லைன் பூராப் பெருமை பேசிட்டு இருந்தேனே."

மாதேசனுக்கு அந்த வாக்கியம் போதும், சாகிற வரைக்கும்.

ரெஜினா அளவு பார்த்து மாத்திரை கொடுத்த நாலாம் நாள் காலை இதழினி அழுதது. ஈனமான அழுகை, பூனைக்குட்டி அளவுக்கு. பிறகு ஓங்கி, வீறிட்டு, வார்டே எழுந்து உட்காரும்படி அழுதது. வாய் பாலைத் தேடிச் சப்புக்கொட்டியது. தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த இடத்தோடு கதையை முடித்திருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

பண்ணைக்குச் சீல் வைத்தார்கள். பன்றிகளுக்கெல்லாம் மாத்திரை கலந்து போட்டார்கள், மூன்றாம் நாள் மிச்சமிருந்த அத்தனையும் கத்திய கத்தலில் மலையடிவாரம் அதிர்ந்தது. பிறகு லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். சாந்தம் இருந்த குப்பி ஒன்று விடாமல் எரித்தார்கள். லைன் வீட்டில் தொண்ணூறு பேருக்குச் சோதனை, அறுபது பேர் வயிற்றில் கிருமி. எல்லாருக்கும் மாத்திரை. மாதேசனும் போட்டுக்கொண்டான். பதவி போயிற்று, வழக்கு நடந்தது, ஜாமீனில் வீட்டில் இருந்தான். பசி திரும்பி வந்தது. முதல் நாள் பசித்தபோது ஏழு இட்லி சாப்பிட்டான். வளர்மதி சந்தோஷமாக எட்டாவதை வைத்தாள். பிடுங்கித் தின்கிற பசி, வெட்கங்கெட்ட பசி.

செய்தி வந்ததும் ஊர் உலகமே காறித் துப்பும் என்று எதிர்பார்த்திருந்தான். துப்பினார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. கூடவே வேறு சில போன்களும் வந்தன. உடம்பு இளைக்க வைக்கும் நிலையம் ஒன்று கேட்டது. விடுதிகளுக்குச் சாப்பாடு போடும் கான்ட்ராக்டர் ஒருவர், ரொம்ப மரியாதையாக, சார் அது மனுசங்களுக்கு ஏத்த மாதிரி மாத்த முடியுங்களா என்று கேட்டார். மாதேசன் போனை அணைத்துவிட்டான். இப்படியும் மனுஷர்கள் உண்டா என்று வளர்மதியிடம் ஆத்திரப்பட்டான். அவர்களைவிடத் தான் மேல் என்று ஒரு நினைப்பு அதற்குள் மறுபடி துளிர்த்திருந்தது பாருங்கள்.

ஆவணிக் கடைசியில் ஒரு மத்தியானம் வாசல் மணி அடித்தது. பவித்ரா நின்றிருந்தாள்.

மறுபடி திட்ட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தான். அவள் குரல் தாழ்ந்திருந்தது. உள்ளே வரச் சொன்னான், வேண்டாம் என்று படிக்கட்டிலேயே நின்றாள். தர்ஷினி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகவும், குழந்தை நன்றாகத் தேறி, ஓயாமல் பால் கேட்டு அழுவதாகவும் சொன்னாள். பண்ணை மூடிய பிறகு லைனில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேருக்கு வாரத்தில் இரண்டு நாள் கிழங்கு பிடுங்கும் வேலை, அதுவும் மழை பெய்தால் இல்லை என்றாள்.

"அந்தக் கிருமி கொஞ்சம் கெடைக்குங்களா சார்?"

மாதேசனுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை.

"புள்ளைங்களுக்கு இல்லைங்க. அய்யய்யோ, அதுங்களுக்கு வேண்டாம். அந்தப் பாப்பா கெடந்த கெடப்ப நாந்தான பாத்தேன்? எனக்கு மட்டும். எனக்குப் பசிக்கலைன்னா எம்பங்க மூணா பிரிச்சு அதுங்களுக்கே போட்டுருவேன். நாலு மாசம் அப்படித்தாங்க ஓடுச்சு, தெரியாமலே. இப்பத் தின்னாம இருக்கலாம்னு பாத்தா முடியலைங்க சார். புள்ளைங்க தட்டையே கண்ணு பாக்குது. பெத்தவளுக்கு இது எவ்வளவு அசிங்கம் சொல்லுங்க."

"எல்லாத்தையும் எரிச்சுட்டாங்கம்மா" என்றான் அவன்.

"உங்க வயித்துல இருந்துச்சுன்னு சொன்னாங்க. நீங்களும் மாத்திரை போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. கடைக்குப் போய்ச் சரக்குத் தீர்ந்துபோச்சு என்று கேட்டவள் மாதிரி, ஏமாற்றம் மட்டும். கோபம் கிடையாது. உள்ளே வளர்மதி குழம்பு தாளித்த வாசனை வாசல் வரை வந்தது. மாதேசனின் வயிறு இரைந்தது. நன்றாக, நீளமாக. அவனுக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டது.

"பசிக்குது போல. போயிச் சாப்பிடுங்க சார்" என்றாள் பவித்ரா. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பண்ணையைத் திறக்க முடியாது, கிருமியைக் கொடுக்கக் கூடாது, என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே நின்றான். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது, அவள் தெருமுனை திரும்பி மறைந்த பிறகுதான் அவனுக்குத் தோன்றியது.